கிராமரில் முழு மார்க், கட்டுரைக்கு 71

கேள்வி: டீச்சர், எனக்குக் கருங்கல் பக்கம். பி.ஏ. முதல் வருடத்தில் கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோனது. பையன் எல்கேஜி போகிறான். சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அக்கா அமெரிக்காவில் நர்ஸ். அவள்தான் அங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில் (முதல் இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர்க் காலேஜ்) ஆன்லைனில் சேர்த்துவிட்டு ஃபீஸும் கட்டுகிறாள். முதல் செமஸ்டர், ஒரே பாடம்: இங்கிலீஷ் காம்போசிஷன். பள்ளியில் இங்கிலீஷில் எப்போதும் நான்தான் ஃபர்ஸ்ட். இங்கே முதல் கட்டுரைக்கு 71. கிராமருக்குப் பத்துக்குப் பத்து போட்டுவிட்டு, "நீ என்ன சொல்ல வருகிறாய்?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதில் 80 வாங்கியும் லேட் என்று 10 கழித்துவிட்டார்கள். வழக்கமாகப் போடும் நேரத்தில்தான் போட்டேன். காப்பி இருக்கிறதா என்று பார்க்கும் டர்னிட்டின் 31 சதவீதம் காட்டுகிறது. எட்டு வாரம் முடிந்து மொத்தம் 67.8, கிரேடு டி. மூன்றாவது கட்டுரைக்குத் தலைப்பும் கிடைக்கவில்லை. "ஆன்லைன்தானே, ஈசி" என்று சொன்ன அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சாட்ஜிபிடியில் கொடுத்துத் திருத்தலாமா, இல்லை பாடத்தையே விட்டுவிடலாமா? எல்லாம் இணைத்திருக்கிறேன். நீ என்றே எழுதுங்கள், உங்கள் மகள் வயசுதான் எனக்கு.

பதில்:

மக்களே, அனுப்பிய எல்லாவற்றையும் வாசித்தேன். கட்டுரைகளுக்கு முன்னால் சிலபஸைத்தான் திறந்தேன். நீ அதை ஜனவரியில் ஒருதடவை திறந்து மூடியிருப்பாய் என்று நினைக்கிறேன். நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல், அவ்வளவுதான். அங்கே அது கிட்டத்தட்ட நிலப் பத்திரம் மாதிரி. எதற்கு எத்தனை மார்க், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கெடு, தாமதித்தால் எவ்வளவு வெட்டு, எல்லாம் அதில் எழுதியிருக்கும். பிறகு தகராறு வந்தால் இரண்டு பேரும் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

உன் பத்திரம் சொல்வது இது. நான்கு கட்டுரைகளுக்குச் சேர்த்து 60 சதவீதம், அதாவது ஒன்றுக்கு 15. வாராந்திர டிஸ்கஷனுக்கு, அதாவது காலேஜ் தளத்தில் எழுதிப் போடும் விவாதத்துக்கு, 20. வினாடி வினாவுக்கு 10. முதல் பிரதி அனுப்புவதற்கும் சக மாணவர் பிரதியைப் படித்துக் கருத்துச் சொல்வதற்கும் 10. இப்போது உன் மார்க் ஷீட்டைப் பார். கட்டுரைச் சராசரி 70.5. வினாடி வினா 95. பிரதி, கருத்து 60. டிஸ்கஷன் 50.

அந்த 50 ஏன் உன் கண்ணில் படவில்லை? கடிதம் முழுக்கக் கட்டுரையைப் பற்றியே அழுதிருக்கிறாய். டிஸ்கஷனில் 90 வாங்கியிருந்தால் மற்றதெல்லாம் இப்படியே இருந்தும் இன்று உன் மொத்தம் 75.8, கிரேடு சி. வியாழன் இரவுக்குள் முதல் பதிவு, ஞாயிறுக்குள் இரண்டு பேருக்குப் பதில் என்று எழுதியிருக்கிறது. நீ எட்டு வாரமும் கடைசி நேரத்தில் போய் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறாய். பந்தி முடிந்த பிறகு போய் இலை போட்டு உட்கார்ந்தால் யார் விளம்புவார்கள்? அந்தப் பதில்களும் "நல்ல கருத்து, நானும் ஒத்துக்கொள்கிறேன்" ரகம். அதற்கு மார்க் கிடையாது. எதிராளி எழுதியதில் ஒரு வரியை எடு. அது ஏன் உனக்குச் சரியாகப் படவில்லை, அல்லது உன் ஊரில் அது எப்படி வேறு மாதிரி நடக்கிறது என்று ஐந்தாறு வரி எழுது. போதும்.

லேட் விஷயத்துக்கு வருகிறேன். உன் மேல் கோபப்படவே முடியவில்லை, ஏனென்றால் இதில் நானும் அடி வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பின்னால் இழுப்பார்கள். உன் காலேஜ் கிழக்குக் கரை நேரத்தில் ஓடுகிறது. ஞாயிறு இரவு 11:59 என்ற கெடு, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நமக்குத் திங்கள் காலை 10:29. அந்த மார்ச் ஞாயிறிலிருந்து அது 9:29. நீ பையனை வேனில் ஏற்றிவிட்டு வழக்கம்போல 10:05-க்குப் போட்டிருக்கிறாய். உனக்கு அரை மணி முன்னால், அவர்களுக்கு அரை மணி பின்னால். கேன்வாஸ் என்ற அந்தக் காலேஜ் தளத்தின் செட்டிங்கில் டைம் ஸோன் என்று ஒன்று இருக்கும், அதைக் கொல்கத்தா என்று மாற்றிவிடு. எல்லாக் கெடுவையும் நம் நேரத்திலேயே காட்டும்.

அந்தப் பத்து மார்க்கைக் கேட்டு டீச்சருக்கு எழுதலாம், ஒருதடவை. ஆனால் அதற்காகத் தூக்கத்தை விடாதே. ஒரு கட்டுரைக்கு 15 சதவீதம்தான் என்பதால், செமஸ்டர் முடிவில் அந்தப் பத்து மொத்தத்தில் ஒன்றரை மார்க். டிஸ்கஷனில் இதுவரை போனது அதே முடிவுக் கணக்கில் நாலு.

சரி, கட்டுரை.

நான் நாகர்கோவிலில் 11 வருடம் இங்கிலீஷ் எடுத்துவிட்டு அங்கே போனவள். அங்கே 14 வருடம் இதே காம்போசிஷன் பாடம். போன முதல் செமஸ்டரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மார்க் போடத் தொடங்குவதற்கு முன்னால் அந்தப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே கட்டுரையைத் தனித்தனியாகத் திருத்தி, பிறகு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு மாதிரி மார்க் போடக் கூடாது என்பதற்காக. அன்று வந்த கட்டுரையில் ஒரு பிழை இல்லை, பூத் தொடுத்த மாதிரி இங்கிலீஷ். நான் 92 போட்டேன். மற்றவர்கள் எல்லோரும் எழுபதை ஒட்டி. ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கேட்டார்: "இந்தப் பையன் சொல்வதை யாராவது மறுக்க முடியுமா?" முடியாது. ஏனென்றால் அவன் எதையுமே சொல்லவில்லை. அன்று வெட்கமாகத்தான் இருந்தது. 11 வருடம் நம் பிள்ளைகளை அப்படி எழுதத்தான் பழக்கியிருந்தேன்.

உன் கண்ணாடிப் பாலக் கட்டுரையும் அந்த ரகம்தான். கேள்வி என்ன? "உன் பகுதியில் சமீபத்தில் வந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள். அது தேவையான மாற்றமா? வாதிடு." நீ எப்படித் தொடங்கினாய்? முக்கடல் கூடும் குமரி முனை. பிறகு விவேகானந்தர் பாறை. வள்ளுவர் சிலை 133 அடி. பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்தது, நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி. மூன்று நன்மை, மூன்று தீமை. கடைசியில் ஒரு நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று முடித்துவிட்டாய். விவரம் எல்லாம் சரி. ஆனால் பாலம் தேவையா இல்லையா என்று கேட்டவளுக்குப் பதில் எங்கே?

உன் மேல் தப்பில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் அடிக்கோடிட்ட துணைத்தலைப்பு, பொருந்துகிறதோ இல்லையோ ஒரு குறள். இதைத்தானே நீயும் டியூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய்? நம் பரீட்சையில் பேப்பர் திருத்துகிறவர் உனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கிறார். எந்தப் பக்கமும் சாயாமல் எழுதினால் அடக்கமான பிள்ளை. அங்கே சாயாமல் எழுதினால் யோசிக்காத பிள்ளை. உன் ரூப்ரிக்கைப் பார், அந்த மார்க் கட்டத்தைச் சொல்கிறேன். தீசிஸ், அதாவது நீ வாதிட வரும் கருத்தைச் சொல்லும் வாக்கியம், 30, ஆதாரம் 30, அமைப்பு 20, மொழி 10, எம்.எல்.ஏ. 10. (எம்.எல்.ஏ. என்றதும் ஓட்டு கேட்டு வருகிறவர் ஞாபகம் வந்தால் அது உன் குற்றமில்லை. எந்தப் புத்தகத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்று குறிப்பிடும் முறை அது. 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்புதான் இப்போது நடப்பில் இருக்கிறது.) நீ வாங்கியது வரிசையாக 12, 21, 18, 10, 10. மொழிக்கு நூற்றில் பத்துதான், அதை முழுசாக வாங்கிவிட்டாய். தீசிஸ் என்ற ஒரே கட்டத்தில் மட்டும் 18 போயிருக்கிறது.

இங்கிலீஷ் தாய்மொழியாகப் பேசுகிற அமெரிக்கப் பிள்ளைகளும் இந்தக் கட்டத்தில்தான் விழுவார்கள். நமக்காக வைத்த பாடம் இல்லை இது. 1885-ல் ஹார்வர்டில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கென்று இப்படி ஒரு எழுத்துப் பாடத்தை வைத்தார்கள். அன்றிலிருந்து அங்கே காலேஜில் நுழைகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள், முனகிக்கொண்டே.

தீசிஸ் என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். கருங்கல் சந்தைப் பக்கம் ஒரு டீக்கடையில் அந்த வாக்கியத்தைச் சொன்னால் பெஞ்சில் இருக்கிற ஒருத்தராவது "அதெப்படி?" என்று திரும்ப வேண்டும். "கண்ணாடிப் பாலத்தில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்றால் யார் திரும்புவார்? இப்படிச் சொல்லிப் பார்: "பாலம் இரண்டு பாறைகளைத்தான் சேர்த்தது, கரையிலிருந்து முதல் பாறைக்கு இன்றும் படகில்தான் போக வேண்டும் என்பதால், அந்த 37 கோடியில் முதல் செலவு படகுத்துறைக்கு ஆகியிருக்க வேண்டும்." உடனே ஒருவர் சண்டைக்கு வருவார். முன்பெல்லாம் கடல் சரியில்லை என்றால் சிலைக்குப் படகே விடமாட்டார்களே, அது உனக்குத் தெரியாதா என்பார். அவருக்குப் பதில் சொல்வதுதான் உன் இரண்டாவது பத்தி. இது என் கட்சி என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குப் பாலம் பிடித்துத்தான் இருக்கிறது, பேத்தியோடு இரண்டுதடவை நடந்தாயிற்று. நீ எதிர்க்கட்சி எடுத்தாலும் மார்க் ஒன்றுதான்.

இன்னொன்றைக் கவனித்தாயா? முன்பு சும்மா கிடந்த 77 மீட்டர் என்ற எண்ணுக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது. பாலம் எதைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்கவில்லை என்று காட்டுகிறது. அங்கே ஆதாரம் என்று கேட்பது இதைத்தான். நீ வைத்திருந்த விவரத்தில் ஒன்றுகூடக் குறைக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றையும் வேலைக்கு அனுப்பினால் போதும்.

மூன்றாவது கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்றாய். அது உன் ஐந்தாம் வாரப் பதிவிலேயே கிடக்கிறது. அப்பா விடியுமுன் ரப்பர் வெட்டப் போவதை எழுதியிருந்தாய். நம் பேச்சை அப்படியே இங்கிலீஷில் வைத்து "மை ஃபாதர் கட்ஸ் ரப்பர் ட்ரீஸ்" என்று போட்டுவிட்டாய். ஒரு அமெரிக்கப் பையன் பதறிப்போய், மரங்களை ஏன் வெட்டிச் சாய்க்கிறார் என்று கேட்டிருக்கிறான். நீ அவனுக்குப் பதிலே போடவில்லை. மக்களே, அந்த எட்டு வாரத்தில் உனக்கு வந்த நல்ல கேள்வி அது ஒன்றுதான்!

வாசிக்கிறவனுக்கு என்ன தெரியாது என்று அவனே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்குச் சொல்லு. மரத்தைச் சாய்ப்பதில்லை, பட்டையில் சரிவாக ஒரு கீறல், சிரட்டையில் பால் வடியும். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், அதனால்தான் இருட்டோடு போகிறார். மழை வந்தால் பட்டை நனைந்து பால் வழிந்து வீணாகும், அதற்கு மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள். நட்டு ஏழு வருடம் போல ஆகும் வெட்டுக்கு வர. அதுவரை இடையில் அன்னாசி போட்டால் முதல் மூன்று நான்கு வருடம் வருமானம். இவ்வளவும் உனக்கு வீட்டுப் பேச்சு, அவனுக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

ஆனால் விவரிப்போடு நிறுத்தினால் மறுபடி 12 தான். அந்தப் பதிவின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: பக்கத்துத் தோட்டத்தில் பழைய மரத்தை எடுத்துவிட்டு மறுபடி ரப்பரே வைத்தார்கள், அப்பா அது முட்டாள்தனம் என்றார். ஏன் என்றார்? கேட்டாயா? கேளு. உனக்கு அது சரியாகப் படுகிறதா என்று யோசி. அதுதான் உன் கட்டுரை. அப்பாவிடம் பேசியதை நேர்காணல் என்று பெயர், தேதி போட்டு எம்.எல்.ஏ. பட்டியலில் சேர்க்கலாம், அனுமதி உண்டு. கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் போர்டின் தளத்தில் விலையும் விளைச்சலும் கிடைக்கும். அப்பா ஒன்று சொல்ல, போர்டுக் கணக்கு வேறொன்று சொன்னால் இன்னும் நல்லது.

அந்த 31 சதவீதம்: டர்னிட்டின் காட்டுவது ஒற்றுமையை, திருட்டை அல்ல. கேள்வித்தாளை அப்படியே மேலே ஒட்டியிருக்கிறாய், மேற்கோள்கள் இருக்கின்றன, கடைசியில் பட்டியல் இருக்கிறது. பெரும்பகுதி மஞ்சள் அடையாளம் அதில்தான். ஆனால் இரண்டாம் பத்தியில் இரண்டு வாக்கியம் ஒரு சுற்றுலாத் தளத்தில் இருந்து வந்தவை. அங்கங்கே நாலு வார்த்தையை மாற்றியிருக்கிறாய், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லவில்லை. அது தப்புதான், சதவீதம் ஐந்தாக இருந்தாலும் தப்புதான். டீச்சர் கேட்பதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு. இனிமேல் தளத்தை மூடிவைத்துவிட்டு எழுது. திறந்துவைத்துக்கொண்டு எழுதினால் கை தானாக அந்த வாக்கியத்துக்குப் போகும்.

சாட்ஜிபிடிக்கு வருகிறேன். உன் சிலபஸிலேயே அனுமதி இல்லாமல் கூடாது என்று இருக்கிறது, அதோடு பேச்சு முடிந்தது. முடியவில்லை என்றால் இதையும் கேள். அது திருத்தித் தரப்போவது எந்தக் கட்டத்தை? நீ ஏற்கெனவே பத்துக்குப் பத்து வாங்கிய கட்டத்தை. கருப்பட்டிக்குச் சீனி போடுகிற வேலை. அப்புறம், நீ சொந்தமாக எழுதியதையே எந்திரம் எழுதியது என்று சந்தேகிக்கவும் வாய்ப்பிருக்கிறது. 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் டோஃபல் தேர்வுக்காக (இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதும் தேர்வு) மனிதர்கள் எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்புக் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் எந்திரம் எழுதியது என்று வந்தது. இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களின் எளிய சொற்கள்தான் அந்தக் கருவிகளை ஏமாற்றுகின்றன. அதனால் கூகுள் டாக்ஸிலேயே தொடக்கம் முதல் எழுது. எந்த மணிக்கு எந்த வரியை எழுதினாய், எதை அழித்தாய் என்ற வரலாறு அதில் இருக்கும். கேட்டால் காட்டலாம்.

டீச்சருக்கு மெயில் எழுதும்போது "ரெஸ்பெக்டட் மேடம்" வேண்டாம், "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" அறவே வேண்டாம். புரொஃபஸர் என்று போட்டுக் குடும்பப் பெயரைச் சேர். மார்க் ஏன் குறைந்தது என்று கேட்பதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்காமல் இருப்பதைத்தான் அக்கறையில்லை என்று நினைப்பார்கள். ஆனால் "கஷ்டப்பட்டு எழுதினேன்" என்று ஆரம்பிக்காதே. தீசிஸ் கட்டத்தில் 12 வந்திருக்கிறது, இந்தப் புது வாக்கியம் சரியாக வருமா என்று கேள். உன் டீச்சர் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஜூமில் இருப்பதாக சிலபஸில் போட்டிருக்கிறது. அது நமக்கு இரவு 8:30, டியூஷன் முடிந்திருக்கும். எட்டு வாரத்தில் ஒருதடவைகூட நீ போகவில்லை. நான் அங்கே இருந்தபோது அந்த நேரத்தில் பெரும்பாலும் ஆளில்லாமல் காபி குடித்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்தால் சந்தோஷமாக இருக்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. அக்கா "ஆன்லைன்தானே, ஈசி" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த நாட்டு அரசு விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பு, இப்படி பதினைந்து வாரம் போல. உன் பாடம் மூன்று கிரெடிட். வாரம் 9 மணி நேரம். ஞாயிறு இரவு மட்டும் உட்கார்ந்தால் அது எப்படி அடங்கும்? பையன் பள்ளிக்குப் போன பிறகு செவ்வாய், புதன், வெள்ளி தலா மூன்று மணி நேரம் எடு. கோடை மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போகிற ஊர் நம்முடையது, அதனால் வெள்ளிக்கிழமையே ஒரு பிரதியைப் போட்டுவைத்துவிடு.

விட்டுவிடலாமா என்று கேட்டாய். இப்போது விலகினால் கிரேடுக்குப் பதில் டபிள்யூ (விலகினார்) என்று விழும், சராசரியைத் தொடாது. ஆனால் ஃபீஸைத் திருப்பித் தரும் காலம் தாண்டிவிட்டது என்று உன் சிலபஸ் சொல்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மிச்சமிருக்கிற இரண்டு கட்டுரைக்கும் 82 வாங்கு, இனி வரும் டிஸ்கஷனில் 95, பிரதியும் கருத்தும் முழுசாக, வினாடி வினா இப்படியே. 77.75 வரும். அது சி. வேறு காலேஜுக்கு மாறும்போது பெரும்பாலும் சி இருந்தால்தான் இந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள், டி கொண்டு பிரயோஜனமில்லை. பி வேண்டுமென்றால் இரண்டு கட்டுரையிலும் 90 வேண்டும். அதை நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். விலகாதே.

அக்காவிடம் இந்த வாரமே சொல்லிவிடு, 67.8-ஐயும் 77.75-ஐயும் சேர்த்து. கடிகாரம் மாறின கதையையும் சொல்லு, அவளும் அங்கே ஷிஃப்ட் பார்க்கிறவள்தானே, சிரிப்பாள்.

செவ்வாய் இரவு ஜூமுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு ஒன்று அனுப்பு. முழுக் கட்டுரை வேண்டாம். அப்பா ஏன் முட்டாள்தனம் என்றார், அதை நீ ஒத்துக்கொள்கிறாயா, ஒரே ஒரு வாக்கியம். நான் இங்கிருந்து "அதெப்படி?" என்று திரும்புகிறேனா பார்ப்போம்.